படைச்சொல் அகராதியும் நான்கு எண்களும்

அத்தியாயம் ஆறு

மாலை ஐந்து மணிக்கு என் சம்பந்தி திருடனா இல்லையா என்று முடிவாகிவிடும். காலை பத்து மணிக்கு அந்தச் சம்பந்தி என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, ஒரு பெரிய மனிதருக்குரிய நிதானத்துடன், நான்காவது பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அது அஞ்சாவது," என்றாள் என் மருமகள்.

"எண்ணிட்டேவா இருக்க?"

"ஸ்டோர் ஹவில்தார் பொண்ணு. எண்ணாம இருந்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

நான்தான் தவறாக எண்ணியிருக்கிறேன். இந்தப் பெண் எண்ணிக்கையில் தவறுவதில்லை. பகலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள்; மற்ற நேரங்களில் என்னைத் திருத்துகிறாள். ராணுவப் போலீஸில் முப்பது வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது அதே வேலையைச் சீருடை இல்லாமல் செய்கிறேன். இவள் என் உதவியாளர். யார் யாருக்கு உதவி என்று வெளியாட்கள் கேட்டால் நாங்கள் இருவரும் வேறு வேறு பதில் சொல்வோம்.

விஷயம் இதுதான். முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவரான கர்னல், மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் 'படைச்சொற்களின் பிறப்பு'. அட்டையில் தலைப்பு சிறியது, கர்னலின் முகம் பெரியது. சிப்பாய், பட்டாளம், துப்பாக்கி என்று நாம் வாயில் போட்டு மெல்லும் சொற்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று சொல்லும் புத்தகம். வெளியீட்டு விழாவில் கைதட்டல் ஓய்ந்த அந்த ஒரு நொடியில் என் சம்பந்தி எழுந்து, "இது என் புத்தகம்! முன்னுரை எழுதித் தரேன்னு என் நோட்டை வாங்கிட்டுப் போய் இவர் பேருல போட்டுட்டார்!" என்று கத்தினார்.

கர்னல் சிரித்தார். தன் தட்டச்சுப் பிரதியை இவரிடம் சரிபார்க்கக் கொடுத்ததாகவும், அதைப் பார்த்து இவர்தான் நோட்டில் காப்பி அடித்துக்கொண்டதாகவும் சொன்னார். ஒரு பக்கம் கர்னல், மறுபக்கம் பூட்ஸும் போர்வையும் வழங்கிய ஸ்டோர் ஹவில்தார். சங்கம் யாரை நம்பும் என்று அறியத் துப்பறிவாளன் தேவையில்லை.

தீர்மானம் தயார். சம்பந்தியின் உறுப்பினர் பதவி போகும். சங்க மண்டபத்து மரியாதைச் சுவரிலிருந்து அவர் படமும் இறங்கும். போன வாரக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, என் வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் பேசினேன். "என் சம்பந்தி திருடன் என்று நிரூபணமானால், அவர் படத்தோடு என் படத்தையும் கழற்றுங்கள்." செயலாளர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை.

"சம்பந்தி," என்றேன். மேசையில் கர்னலின் புத்தகமும் சம்பந்தியின் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. "ரெண்டுலயும் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே நாலு நம்பர் இருக்கே, இது என்ன?"

பீரங்கி என்ற சொல்லுக்குக் கீழே, நோட்டில் சிவப்பு மையில்: 29/17/38/34. புத்தகத்திலும் அதே எண்கள், 'ஆதாரம்' என்ற கம்பீரமான தலைப்புடன். அவை வெளிநாட்டு ராணுவ ஆவணக் காப்பகம் ஒன்றின் கோப்பு எண்கள் என்றும், கண்டவர்களுக்கெல்லாம் அந்தக் கதவு திறக்காது என்றும் கர்னல் மேடையில் விளக்கியிருந்தார்.

"அதுவா? அது வந்து... ரேக் நம்பர் சம்பந்தி. முதல்ல அறை, அப்புறம் ரேக், அப்புறம் தட்டு, கடைசியில பெட்டி. எந்தச் சொல்லை எங்க நின்னு எழுதினேன்னு ஒரு ஞாபகத்துக்கு."

"உங்க ஸ்டோர்ல இருபத்தொன்பது அறையா இருந்துச்சு?"

பிஸ்கட் முறிந்து தேநீரில் விழுந்தது. "அப்பல்லாம் நிறைய இருந்துச்சு," என்றார், கோப்பைக்குள் பார்த்தபடி.

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அடுத்த அரை மணி நேரம் அவர் என் கையில் வியர்த்திருப்பார். ஆனால் சம்பந்தியைக் குறுக்கு விசாரணை செய்வது மரியாதைப்பட்ட குடும்பங்களில் நடக்கிற காரியம் அல்ல. அவர் மாலைக் கூட்டத்துக்குச் சட்டை தேய்க்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார். நானும் வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

திரும்பி வந்தபோது மருமகள் புத்தகத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

"மாமா, பீரங்கி எத்தனை வரி தெரியுமா? ரெண்டு. 'பிரங்கி என்று அழைக்கப்பட்ட ஐரோப்பியர் கொண்டுவந்ததால் பீரங்கி. கொண்டுவந்தவர் போய்விட்டார், சத்தம் தங்கிவிட்டது.' அவ்வளவுதான். டாங்கி மூணு வரி. ரகசியம் வெளியே தெரியக் கூடாதுன்னு தண்ணித் தொட்டின்னு சொல்லிச் செஞ்சாங்களாம், அந்தப் பொய்யே பேரா நின்னுடுச்சாம்."

"நல்ல எழுத்து."

"நல்ல எழுத்துதான். ஆனா இங்க பாருங்க. காக்கி, நாலு பக்கம். பாரசீகத்துல தூசிங்கிற சொல்லுல ஆரம்பிச்சு, எத்தனை சலவைக்கு அப்புறம் அந்தத் தூசி நிறம் வெளுக்கும்கிற வரைக்கும். எப்பாலெட், அதாவது தோள்ல வைக்கிற பட்டை, மூணு பக்கம். கார்டிகன் ரெண்டு பக்கம். பீரங்கிக்கு ரெண்டு வரி, பித்தானுக்கு ஒன்றரைப் பக்கம். இதை எழுதினவர் சண்டையை விடச் சட்டையைத்தான் அதிகம் பார்த்திருக்கார்."

"உன் அப்பா ஸ்டோர்ல சட்டைதானே கொடுத்தார்?"

"அப்பா கொடுத்தார். ஆனா ஒரு நாள்கூட ஒரு பித்தானைப் பார்த்ததில்ல மாமா. அவருக்கு எல்லாம் டஜன்." அவள் குரலில் கேலி கொஞ்சம் குறைந்திருந்தது. "இன்னொண்ணு. இந்த நாலு நம்பர்ல ரெண்டாவது எப்பவும் பதினாறுல இருந்து இருபதுக்குள்ளதான். முதலாவது இருபத்தாறுக்குக் கீழே இல்ல. ஒண்ணாம் நம்பர் கோப்பே இல்லாத காப்பகம் எங்க இருக்கு? ஒண்ணாம் நம்பர் அறையே இல்லாத ஸ்டோர் எங்க இருக்கு?"

நான் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். எதையும் தேடவில்லை. எல்லா முன்னாள் வீரர்களும் செய்வதைத்தான் செய்தேன். என் பிரிவின் பெயரைப் பார்த்தேன். ராணுவப் போலீஸை நாங்கள் ப்ரோவோ என்போம்.

'ப்ரோவோ: மற்றவர்களுக்கு மேலே வைக்கப்பட்டவர் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து. மேலே வைத்தவர் யார் என்பதை இவர்கள் மறந்துவிடுவது வழக்கம். 30/18/40/33.'

"திமிர் பிடித்த எழுத்து," என்றேன்.

"இப்பதானே நல்ல எழுத்துன்னீங்க?" என்று எட்டிப் பார்த்தவள் நின்றாள். பிறகு எழுந்து போய்த் தன் கைப்பையைக் கவிழ்த்தாள். சாவி, சீப்பு, மாத்திரை, பேனா மூடிகள் இவற்றுக்கு நடுவிலிருந்து ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டை எடுத்து என் முன் வைத்தாள்.

போன மாதம் எனக்குப் புதுக் கோட்டு தைக்கக் கொடுத்த கடைச் சீட்டு. பென்சிலில் எழுதியிருந்தது: 30/18/40/36.

"நீளம், தோள், மார்பு, இடுப்பு," என்றாள். "முதல் மூணும் அப்படியே இருக்கு மாமா. கடைசி மட்டும் நடுவுல பதவி உயர்வு வாங்கியிருக்கு."

"அவன் அளந்ததே தப்பு. என் இடுப்பு முப்பத்து மூணுதான்."

"அதைத்தான் மாமா புத்தகமும் சொல்லுது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால."

*

அந்தக் கோட்டைத் தைத்த தையல் மாஸ்டரின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில். ஒரு காலத்தில் எங்கள் முகாமில் அதிகாரிகள் முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் தைத்தவர். இப்போது காவலாளிகளுக்குச் சீருடை தைக்கிறார். கடையெங்கும் தங்கச் சரிகைக் கயிறுகள், சிவப்புத் தோள்பட்டைகள். அங்காடி வாசலில் கார்களுக்குக் கை காட்டுகிறவர் இன்று அணிகிற அலங்காரத்தை எந்தத் தளபதியும் அணிந்து நான் பார்த்ததில்லை.

கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில், வாயில் வரிசையாகக் குண்டூசிகள். என்னைக் கண்டதும் குண்டூசிகளுக்கு இடையிலேயே சொன்னார்:

"முப்பத்தாறுதான் சுபேதார் சார். திரும்ப அளந்தாலும் முப்பத்தாறுதான்."

நான் புத்தகத்தை எப்பாலெட் பக்கத்தில் திறந்து மேசைமேல் வைத்தேன்.

மாஸ்டர் குனிந்து படித்தார். பத்து வரிக்குப் பிறகு வாயிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்து மேசையில் வைத்தார். பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு குண்டூசி. மூன்றாம் பக்கம் முடிந்தபோது வாயில் ஒன்றும் இல்லை.

"'சின்னத் தோள்' என்பதே இதன் பொருள். பெரிய தோள் இல்லாதவர்களுக்காகவே தைக்கப்படுகிறது," என்று மருமகள் ஒரு வரியை வாசித்தாள். "இது உங்களுதா மாஸ்டர்?"

"இது எப்படிம்மா புத்தகமாச்சு?"

"நாங்க அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தோம்."

அவர் உட்கார்ந்தார். "அளவெடுக்க நிக்கிறவங்க சும்மா நிக்கமாட்டாங்கம்மா. பதவியைப் பத்திப் பேசுவாங்க. நான் கேப்பேன், 'லெப்டினன்ட்னா என்ன சார் அர்த்தம்?' தெரியாதும்பாங்க. முகாம் நூலகத்துல நாலு அலமாரி பழைய அகராதி இருந்துச்சு. நூலகர் தூங்குவார், நான் படிப்பேன். அர்த்தம் கிடைச்சதும் அந்தாளோட அளவுச் சீட்டு பின்பக்கத்துலயே எழுதி வச்சுடுவேன். லெப்டினன்ட்னா வேற ஒருத்தர் இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறவர். பஸ்ல கைக்குட்டை போடுறாங்களே, அந்த மாதிரி."

"எல்லாருக்கும் எழுதினீங்களா?"

"எல்லாருக்கும். தெரியாதுன்னு சொன்னா அதையும் எழுதிடுவேன்."

மருமகள் விடவில்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்புகிற பெண் அல்ல. ஒரு பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு எண்களை மட்டும் படித்தாள். "இருபத்தேழு, பதினாறு, முப்பத்து நாலு, இருபத்தெட்டு. யார் இது?"

"ஒல்லி லெப்டினன்ட். கைக்குண்டுக்கு ஏன் கிரனேட்னு பேர் சார்னு கேட்டேன். வெடிக்கும்னார். மாதுளம்பழத்தோட பேருன்னு சொன்னேன். உள்ள முத்து முத்தா இருக்குதே, அதனால. நம்பவே இல்ல, பாவம்."

கையை எடுத்தாள். கிரனேட் என்றுதான் இருந்தது.

எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் ஏறியது. கர்னல் ஒழிந்தார். இனி ஒரே ஒரு கேள்விதான் பாக்கி, அதற்கும் நல்ல பதில் வரும் என்று நம்பிக் கேட்டேன்: "அந்தச் சீட்டெல்லாம் எங்கே மாஸ்டர்?"

"ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருந்தேன். வேலையை விட்டு வரும்போது வீடு மாத்தவேண்டியிருந்தது. மழைக்காலம். நனைஞ்சிடும்னு ஸ்டோர்ல ஒப்படைச்சேன். ரெண்டு தடவை போய்க் கேட்டேன். பழைய பொருளோட சேர்த்து எரிச்சாச்சுன்னு சொல்லிட்டாங்க." எழுந்து போய்த் தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் துழாவினார். "ரசீது வச்சிருக்கேன். எதுக்கு வச்சேன்னு தெரியல. தூக்கிப் போட மனசு வரல."

ஒரு சிறிய பழுப்புக் காகிதம். ஸ்டோர்க்காரர்கள் மட்டுமே எழுதுகிற, பொருளின் பெயர் முதலிலும் வர்ணனை பின்னாலும் வருகிற அந்த நடை:

'டின், பிஸ்கட், வட்டம், பழையது: ஒன்று. உள்ளே: சீட்டு, காகிதம், இருபுறமும் எழுதியது: நானூற்றுப் பன்னிரண்டு. பத்திரமாக வைக்கப் பெற்றுக்கொண்டேன். ஹவில்தார், ஸ்டோர்.'

கீழே கையெழுத்து. நான் அந்தக் கையெழுத்தை என் மகனின் திருமணப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். மருமகள் அதைப் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளில் பத்து வருடம் பார்த்திருப்பாள்.

அவள் அச்சுப் பிழை தேடுகிறவளைப் போல அந்தக் கையெழுத்தின்மேல் விரலை ஓட்டினாள்.

"தெரிஞ்சவங்களா?" என்றார் மாஸ்டர்.

"எங்க அப்பா."

மாஸ்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ரசீதை மடித்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "அப்ப நீயே வச்சுக்கோம்மா. என்கிட்ட இருந்தா நான் எப்பவாவது கோபத்துல காட்டிடுவேன்."

அவரையும் அளவு நாடாவையும் ஐந்து மணிக்கு மண்டபத்துக்கு வரச் சொல்லிவிட்டு இறங்கினோம்.

பஸ்ஸில் அவள் சொன்னாள்: "மாஸ்டர் வாயைத் திறக்கமாட்டார் மாமா. கர்னலை மட்டும் மாட்டிவிட்டா ரெண்டு வீட்டு மானமும் தப்பிச்சுடும். உங்க படமும் சுவத்துலயே இருக்கும்."

"நீ என்ன நினைக்கிற?"

"பிழை கண்ணுல படாம விட்டா அது பிழை. பட்டும் விட்டா அதுக்குப் பேரு சம்மதம். அச்சகத்துல அப்படித்தான்."

நான் கையை நீட்டினேன். ரசீதைக் கேட்டு நீட்டினேன். கிழித்துப் போடத்தான் நீட்டினேன். குடும்ப மானம், குடும்ப மானம் என்று நாற்பது வருடமாகப் பேசிய கை அது. ஒரு பழுப்புக் காகிதத்தைக் கண்டதும் எதற்கு நீண்டது பாருங்கள்.

அவள் தரவில்லை. "என்கிட்டயே இருக்கட்டும் மாமா. நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி. ஆனா நீங்க கிழிச்சு நான் பாக்கக்கூடாது."

*

ஐந்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஒருவர் அவமானப்படப் போகிறார் என்று தெரிந்தால் நம்மவர்கள் கடிகாரத்தைவிடத் துல்லியமாக வந்துவிடுவார்கள். சம்பந்தி தேய்த்த சட்டையில் முன்வரிசையில் இருந்தார். மாஸ்டர் கடைசி வரிசையில், நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார்.

மேடையில் கர்னல். அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் அவருடைய பழைய விழாக் கோட்டு. தான் போர்க்களத்தில் அணிந்தது என்று சங்கத்துக்குக் கொடுத்திருந்தார். அதன் கையில் இருந்த கறை குழம்புக் கறை என்று சலவைக்காரர் முதல் எல்லோருக்கும் தெரியும்.

"என்ன சுபேதார், படத்தைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்தீங்களா?" என்றார் கர்னல்.

"கொண்டுவந்திருக்கேன் சார். அதுக்கு முன்னால ஒரு கேள்வி. புத்தகத்துல கர்னல்ங்கிற சொல்லைப் படிக்கிறீங்களா?"

தன் பதவியைத் தானே வாசிக்கும் வாய்ப்பை அவர் தவறவிடுவாரா? எழுந்து நின்று முழங்கினார்: "'கர்னல்: தூண் எனப் பொருள்படும் பழைய இத்தாலியச் சொல்லிலிருந்து. தூண் போல வரிசையாக நின்ற படைக்குத் தலைவர். தூணைப் போலவே நகராமல் நிற்பதில் வல்லவர். ஆதாரம்: முப்பத்தொன்று, பதினெட்டு, நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு.'"

"அந்த நம்பர் வெளிநாட்டுக் காப்பகத்துக் கோப்புதானே?"

"அதேதான்."

"மாஸ்டர், பெட்டியைத் திறந்து அந்தக் கோட்டை அளங்க."

மாஸ்டர் முன்னால் வந்தார். நாடாவை விரித்தார். "நீளம் முப்பத்தொண்ணு. தோள் பதினெட்டு. மார்பு நாப்பத்திரண்டு." கொஞ்சம் நிறுத்தினார், தொழில் மரியாதை. "இடுப்பு நாப்பத்து நாலு."

"வெளிநாட்டுக்காரங்க உங்க வயித்தை எந்த அலமாரில வச்சிருக்காங்க சார்?" என்றாள் மருமகள்.

கர்னல் தற்செயல் என்றார். அடுத்த பத்து நிமிடம் அந்தத் தற்செயல் மண்டபம் முழுக்கப் பரவியது. அவரவர் பதவியைப் புத்தகத்தில் தேடி, அவரவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, நாற்பது பழைய சிப்பாய்கள் மாஸ்டர் முன் வரிசையில் நின்றார்கள். தோள் எவருக்கும் பொய் சொல்லவில்லை. கர்னல் மேடையின் பின்வழியாக இறங்குவதைப் பார்த்தேன். தூண் நகர்ந்தது.

அப்போது சம்பந்தி எழுந்தார். முகம் பளபளத்தது. "இப்பவாவது தெரிஞ்சுதா? யூனிபார்ம் கொடுக்கிற ஸ்டோர்க்காரன் நான்! எல்லார் அளவும் வேற யார்கிட்ட இருக்கும்? என் நோட்டுல நான் போட்ட அளவைக் கோப்பு நம்பர்னு நினைச்சுத் திருடினாரு பாருங்க!"

கைதட்டல் இடித்தது. பத்து நிமிடத்தில் ஒரு புதுப் பொய்யைத் தைத்து, பித்தானும் வைத்து, அணிந்தும் விட்டார். மாஸ்டர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை. நாடாவுக்கு மறுமுனையில் ஒரு ஆள் இருப்பதைப் படைவீரர்கள் என்றைக்குப் பார்த்தார்கள்?

செயலாளர் பேனாவை எடுத்தார். "அப்ப நூலாசிரியர் நம்ம ஹவில்தார்தான்னு தீர்மானம் எழுதிடலாமா சுபேதார்?"

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சுவரில் என் படம் என்னையே பார்த்தது, இடுப்பு முப்பத்து மூன்றாக இருந்த காலத்துப் படம்.

"அதுக்கு முன்னால," என்றேன். "சம்பந்தி, ஹவில்தார்னு ஒரு சொல் இருக்கு. அதையும் படிச்சிடுங்க."

அவர் உற்சாகமாக நோட்டைப் புரட்டினார். "'ஹவில்தார்: அரபியும் பாரசீகமும் கலந்த சொல். ஒப்படைத்ததைக் கையில் வைத்திருப்பவர்...'"

அங்கே குரல் நின்றது. இருபது வருடமாக அவர் கையாலேயே எழுதி வைத்திருந்த வரி. அன்றுதான் முதல் தடவையாகப் படித்தார் போலும்.

"அப்பா," என்றாள் மருமகள். அவள் கேலி செய்யும்போது குரல் உயரும், இப்போது உயரவில்லை. "காலையில இது ரேக் நம்பர்னு சொன்னீங்க." பிறகு கைப்பையைத் திறந்து, பழுப்புக் காகிதத்தை நோட்டின்மேல் வைத்தாள். "இது உங்க கையெழுத்து. மாஸ்டரோட டின்னு."

மண்டபத்தில் நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் கடைசி வரிசையை நோக்கித் திரும்பின. கவாத்தில்கூட இவர்கள் இவ்வளவு ஒழுங்காகத் திரும்பியதில்லை.

சம்பந்தி உட்கார்ந்துவிட்டார். "மெஸ்ஸுல ஒரு நாள் ஒரு சீட்டைப் படிச்சேன் சம்பந்தி. எல்லாரும் சிரிச்சாங்க. யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் யாரும் என்கூடச் சேர்ந்து சிரிச்சதில்ல, என்னைப் பார்த்துத்தான்... அப்புறம் மாஸ்டர் வந்து கேட்டப்ப திருப்பிக் கொடுத்திருந்தா அடுத்த சீட்டு இல்லாம போயிருக்கும்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆனா எரிக்கல. எரிச்சேன்னு சொன்னேனே தவிர எரிக்கல. கழிவுப் பட்டியல்ல அதிகாரி கையெழுத்து இல்லாம ஒரு ஸ்டோர்க்காரன் எதையும் எரிக்கமாட்டான். வீட்டு அலமாரி, மேல் தட்டு, இடது மூலை."

மருமகள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். அப்பா வீடு இரண்டு தெரு தள்ளி.

அவள் திரும்பி வருவதற்குள் முடிக்கவேண்டிய வேலை ஒன்று இருந்தது. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினேன். முதலில் சம்பந்தியின் படம். பிறகு என்னுடையது. செயலாளர், "இருக்கட்டும் சுபேதார், நீங்க என்ன பண்ணீங்க?" என்றார். குறிப்பேட்டில் எழுதியதை எழுதியபடியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். என் படத்துக்குப் பின்னால் சுவர் புத்தம் புதிதாக இருந்தது. ஒரு சதுரம் சுத்தமாக இருக்க வேண்டுமானால் அதை இத்தனை வருடம் மறைத்து வைக்கவேண்டியிருக்கிறது.

டின் வந்தது. வட்டம், பழையது, ஒன்று. மாஸ்டர் மூடியைத் திறந்தார். யாரும் அழவில்லை, யாரும் உரை நிகழ்த்தவில்லை. அடுத்த பதிப்பு அவர் பெயரில் வரும் என்று செயலாளர் எழுதினார். காலியான ஆணியில் மாஸ்டர் படத்தை மாட்டலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "படத்துக்கு நிக்கணும், எனக்கு நிக்க வச்சுத்தான் பழக்கம்," என்றுவிட்டார்.

பிறகு சீட்டுகளை விரலால் தள்ளி, ஒன்றைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். முன்பக்கம் நான்கு எண்கள். பின்பக்கம் ப்ரோவோவைப் பற்றிய அந்தத் திமிர் பிடித்த இரண்டு வரிகள். அதற்குக் கீழே, திருடிய இருவரும் விட்டுவிட்ட மூன்றாவது வரி ஒன்று இருந்தது:

'கேட்டேன். தெரியாது என்று சொல்லாமல் முறைத்தார்.'

"இதை அடிச்சிடவா சார்?" என்றார் மாஸ்டர், காதிலிருந்து பென்சிலை எடுத்து.

"வேண்டாம். நடந்ததுதானே," என்றேன். சீட்டைத் திருப்பி முன்பக்கத்தைக் காட்டினேன். "முப்பத்து மூணை அடிங்க. முப்பத்தாறுன்னு போடுங்க."